சப்வூஃபரை ஓரங்களில் பிரிக்காதீர்கள்

மேடையின் இரு ஓரத்திலும் சப்வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான பெட்டி) வைத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நட்டநடுவில் பேஸ் இடிக்கும், கொஞ்சம் தள்ளி நின்றால் காணாமல் போகும். 60 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர், இரு பெட்டிகளிலிருந்தும் உள்ள தூரம் அதில் பாதியளவு வித்தியாசப்படும் இடத்தில் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். இடமிருந்தால் எல்லாவற்றையும் மேடைக்கு முன் நடுவில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் சப்வூஃபரை டாப்புடன் (மேல் ஒலிகளுக்கான பெட்டியுடன்) இணைப்பது. கிராஸ்ஓவர் (ஒலி சப்புக்கும் டாப்புக்கும் பிரியும் இடம்) 100 ஹெர்ட்ஸ் என்றால், அதே 100 ஹெர்ட்ஸ் டோனை இரண்டிலும் சம அளவில் ஓட்டி, சப்பின் போலாரிட்டியைத் (பிளஸ்-மைனஸ் திசையை) திருப்புங்கள். ஆட்களுக்கு அருகில் இருக்கும் பெட்டிக்கு, தூர வித்தியாசத்தில் மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட் என்று டிலே (தாமதம்) கொடுத்துத் தொடங்கி, மிக்ஸர் பக்கம் சத்தம் அடியோடு குறையும்வரை மெல்ல நகர்த்துங்கள். பிறகு போலாரிட்டியைப் பழையபடி மாற்றினால் பேஸ் கெட்டியாக வரும். ஈக்யூவைத் (ஒவ்வொரு அலைவரிசையின் அளவையும் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) தொடுவது அதற்குப் பிறகுதான்.