'பே' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் என்ன போடுவது?

பணம் கொடுப்பதைச் சொல்லும் 'பே' (pay) தெரியாதவர் யாரும் இல்லை, ஆனால் அதை அடுத்து 'ஃபார்' வருமா, 'டு' வருமா, இல்லை ஒன்றுமே வேண்டாமா என்ற இடத்தில்தான் கை நின்றுவிடும்.

குழப்பத்துக்குக் காரணம் நம்முடைய 'க்கு'. கடைக்காரருக்குப் பணம் கொடுத்தேன், சட்டைக்குப் பணம் கொடுத்தேன் என்று ஆளுக்கும் பொருளுக்கும் ஒரே உருபை ஒட்டிவிடுகிறோம், ஆங்கிலம் அப்படி விடாது. ஆள் என்றால் நேராக 'ஐ பெய்ட் ஹிம்', வாங்கிய பொருள் என்றால் 'ஐ பெய்ட் ஃபார் த ஷர்ட்'. 'ஐ பெய்ட் டு ஹிம்' தப்பு. பணத்தை முன்னால் சொன்னால் மட்டும் 'டு' வரும்: 'ஐ பெய்ட் த மணி டு ஹிம்'.

சரி, பில், வாடகை, வரி, அபராதம்? தமிழில் 'கட்டினேன்' பொருந்துகிறதா என்று பாருங்கள். பில் கட்டினேன், வாடகை கட்டினேன் என்கிறோம், அதனால் நேராக 'பே த பில்', 'பே த ரென்ட்'. சாப்பாட்டைக் கட்டினேன் என்றால் பார்சல் கட்டியதாகிவிடும், அங்கே 'ஃபார்' போட்டுவிடுங்கள்.

பணமே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வரும். 'பே அட்டென்ஷன்' நமக்கு எளிது, கவனம் செலுத்து, அஞ்சலி செலுத்து என்று நாமும் அதே பணம் செலுத்தும் வினையைத்தான் போடுகிறோம். ஆனால் 'பே எ விசிட்' என்றால் வெறுமனே போய்ப் பார்ப்பது, காசு எதுவும் கிடையாது. 'இட் பேஸ் டு வெயிட்' என்றால் பொறுத்திருந்தால் பலன் உண்டு. 'யூ வில் பே ஃபார் திஸ்' என்று ஒருவர் முகம் சிவந்து சொன்னால் பர்ஸை எடுக்காதீர்கள், 'இதுக்கு அனுபவிப்பே' என்கிறார்.

பெயர்ச்சொல்லாக வந்தால் சம்பளம், கூலி இரண்டுக்கும் பொது. 'சாலரி' வருடத்துக்கு இவ்வளவு என்று பேசி மாதாமாதம் வருவது, 'வேஜ்' பெரும்பாலும் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வருவது. எதுவென்று யோசிக்க நேரமில்லையென்றால் 'பே' போட்டால் போதும், ஆனால் 'மை பேஸ்' என்று பன்மையாக்க வேண்டாம்.

அப்புறம் இறந்தகால எழுத்து: பி, ஏ, ஐ, டி. 'பே'யோடு 'ஈ டி' ஒட்டும் வடிவமும் அகராதியில் உண்டுதான், ஆனால் அது கப்பல்காரர்கள் கயிற்றைத் தளர்த்திவிடுவதற்கு.