அம்மம்மாட மறதியைக் கவிதையா எழுதிறது எப்பிடி

வயசானவையின்ர மறதியைப் பற்றி வாற கவிதையள்ல முக்காவாசி ஒரே இடத்திலதான் போய் முடியும். அம்மா குழந்தையாயிட்டா, என்னையே ஆரெண்டு கேக்கிறா, நான் அழுதன், அவ்வளவுதான். நடக்கிறதுதான், பொய்யில்ல, ஆனா வாசிச்சு முடிச்சா எழுதினவரைப் பற்றித்தான் எங்களுக்கு ஏதும் தெரியும், அந்த அம்மா என்ன சமைச்சவ, ஆரோட கோவிச்சுக்கொண்டு பத்து வருசம் கதைக்காம இருந்தவ, எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிஞ்சவ எண்டு ஒரு வரியும் இருக்காது. அதால முதலே சொல்லிப்போடுறன், போனதை எழுதிறதை விட்டிட்டு அவவிட்ட இன்னும் மிச்சமிருக்கிறதை எழுதுங்கோ. போனது என்னெண்டு வாசிக்கிறவைக்குத் தானா விளங்கும்.

எழுத முந்தி வருத்தத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளோணும். டிமென்ஷியா எண்டுறது ஒரு தனி வருத்தமில்ல, பல வருத்தங்களால நினைவும் யோசனையும் குறைஞ்சுபோற நிலைமை, அதுக்குள்ள அல்சைமர் எண்ட வருத்தம்தான் கூட. சனம் அறளை பெயர்ந்திட்டுது எண்டு ஒரே சொல்லில முடிச்சிடும், வயசு போனா எல்லாருக்கும் வாறதுதானே எண்டும் சொல்லும், அது சரியில்ல, தொண்ணூறு வயசிலயும் சீட்டுக் காசுக் கணக்கு ஒரு சதம் பிசகாம சொல்லுற ஆக்கள் இருக்கினம். அல்சைமர்ல பொதுவா புதுசுதான் முதல் போகும், பழசு பிந்தித்தான் போகும், ஏனெண்டா புது நினைவைப் பதிஞ்சு வைக்கிற ஹிப்போகம்பஸ் எண்ட பகுதிதான் மூளையில வெள்ளனப் பழுதாகத் தொடங்கிறது. காலம சாப்பிட்டது ஞாபகம் வராது, தன்ர கலியாணத்துக்கு ஆர் ஆர் வரேல்ல எண்டு வரிசையா சொல்லுவா.

திருகோணமலையில இதைக் காட்ட தூர எங்கயும் போகத் தேவையில்ல. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009ல, அதுக்கு முந்தி அந்தத் தண்ணியைக் கடக்கிறதெண்டா பாதை எண்டுற மிதவையில ஏறித்தான் போகோணும். மூதூருக்குப் போறம் எண்டு இப்ப சொன்னாலும் "பாதை போயிடும், கெதியா வெளிக்கிடு" எண்டு அவசரப்படுத்திற ஆச்சி ஒராள் எங்கட பக்கம் இருக்கிறா. அவவுக்கு அந்தப் பாலம் இன்னும் கட்டவேயில்ல. கவிதைக்கு அந்த ஒரு வசனம் காணும், நினைவு மேகம், மறதிப் பனி எண்டெல்லாம் தேடித் திரியத் தேவையில்ல.

கவிதைக்குச் சம்பந்தமில்லாட்டியும் இதையும் சொல்லோணும். நேற்று வரைக்கும் ஒழுங்காக் கதைச்ச ஆள் இண்டைக்கு திடீரெண்டு குழம்பினா, சரி டிமென்ஷியா வந்திட்டுது எண்டு சும்மா இருந்திடாதீங்கோ. சிறுநீர்க் கிருமித்தொற்று, உடம்பில தண்ணி குறைஞ்சது, மருந்து ஒத்துக்கொள்ளாதது எண்டு மாத்தக்கூடிய காரணம் ஏதும் இருக்கலாம். உடன டொக்டரிட்டக் காட்டுங்கோ, கொப்பி பேனையைப் பிறகு எடுக்கலாம்.

இனி வாசிப்பு. இப்பத்தைய கவிதையளுக்கு முந்தி எங்கட பழசில மூண்டை வாசிக்கச் சொல்லுவன். முதலாவது புறநானூறு 243. அது மறந்துபோன ஆளின்ர பாட்டில்ல, எல்லாம் ஞாபகமிருக்கிற ஒரு கிழவரின்ர பாட்டு, ஆனா அளவு எப்பிடிப் பிரிக்கிறது எண்டு அதிலதான் படிக்கலாம். 14 வரிப் பாட்டு. முதல் பத்து வரியும் இளமைக்குத்தான், மணல் பாவைக்குப் பூ வைச்சது, கை கோத்து ஆடினது, மருதமரக் கொப்பில ஏறி கரையில நிண்டவை திகைக்க ஆழத் தண்ணிக்குள்ள துடும் எண்டு பாய்ஞ்சு அடியில கிடந்த மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டினது, எல்லாம் மூச்சு விடாம ஓடும். பிறகு அது எங்க போச்சோ எண்டு ஒரு வரி. கடைசி மூண்டு வரியிலதான் பூண் போட்ட தடி, நடுக்கம், "இருமிடை மிடைந்த சிலசொல்", அதாவது இருமலுக்கு நடுவில வாற கொஞ்சச் சொல்லு. கிழப்பருவத்துக்கு மூண்டே வரி! நாங்கள் எழுதினா தலைகீழா எழுதுவம். பாடினவரின்ர சொந்தப் பேர் எங்களுக்கு வந்து சேரேல்ல, அந்தத் தடியை வைச்சுத்தான் தொடித்தலை விழுத்தண்டினார் எண்டு சொல்லுறம்.

இரண்டாவது பெரியாழ்வார். "எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன்" எண்டு அரங்கனிட்டச் சொல்லுறார். தளர்ச்சி வாற நேரம் உன்னை நினைக்க என்னால ஏலாமப் போகும், அதால இப்பவே சொல்லிவைக்கிறன் எண்டு. மறதி வர முந்தி, அது வரப்போகுது எண்டு தெரிஞ்ச ஆளின்ர குரல் இது. உங்கட வீட்டில வருத்தம் தொடக்க நிலையில இருந்தா இந்த அச்சில எழுதிப் பாருங்கோ, அவ இப்பவே ஆருக்கு என்ன சொல்லிவைக்க விரும்புறா எண்டு கேட்டு, அவவின்ர வாயால. நகை ஆருக்கு, கிணத்தடி மரத்தை வெட்டவிடக்கூடாது, இன்னார் செத்தவீட்டுக்கு வந்தாலும் தேத்தண்ணி குடுக்காதே, இப்பிடிச் சில்லறை விசயங்கள்தான் வரும், அதுகள்தான் வேணும்.

மூண்டாவதுதான் எனக்கு ஆகப் பெரிசு. சுந்தரர், "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே". நான் மறந்தாலும் என்ர நாக்குச் சொல்லும் எண்டு. பக்தியை ஒரு பக்கம் வைச்சிட்டுப் பாத்தாலும் டிமென்ஷியா வந்த கன பேரிட்ட நடக்கிறது அச்சா இதுதான், சின்னனில திருப்பித் திருப்பிச் சொல்லி நாக்கில ஏறின பாட்டும் மந்திரமும் சாதாரண கதை பேச்சு குறைஞ்ச பிறகும் கன காலம் நிக்கும். கோணேசருக்குச் சம்பந்தர் பாடின பதிகத்தை எடுங்கோ, கடைசிப் பாட்டைத் தவிர பாட்டுக்குப் பாட்டு "கோணமாமலை அமர்ந்தாரே" எண்டு வந்து முடியும். மகன்ர பேரைக் கேட்டா முழுசிற ஆச்சிக்கு முன்னால "நிரைகழல் அரவம்" எண்டு தொடக்கி விட்டிட்டு நிப்பாட்டிப் பாருங்கோ, மிச்சத்தை அவ கொண்டுபோவா. முஸ்லிம் வீடுகள்ல சின்னனில ஓதின சூறா, வேதக்கார வீடுகள்ல செபமாலை, சிலருக்கு இரண்டாம் வாய்ப்பாடு. கவிதையில இதை விளக்கப் போகாதீங்கோ. நீங்கள் எடுத்துக் குடுத்த வரியை எழுதுங்கோ, அடுத்த வரி அவ சொன்னது, அவ்வளவோட விடுங்கோ.

வாசிச்சது காணும், இனிச் சேர்க்கிற வேலை. கொப்பி ஒண்டு எடுத்து அவ சொல்லுறதை அவ சொன்ன மாதிரியே எழுதோணும், இலக்கணம் திருத்தக் கூடாது, திகதி போடோணும், பொழுது என்னெண்டும் போடோணும். பொழுது முக்கியம், ஏனெண்டா டிமென்ஷியாக்காரருக்குப் பின்னேரம் பொழுது படேக்க பதட்டம் கூடுறது வழமை, வீட்டுக்குள்ள இருந்துகொண்டே வீட்டை போவம் எண்டு வெளிக்கிடுவினம், விளக்கு வைக்கிற நேரத்தில கதவடியில நிப்பினம். போனில ரெக்கோர்ட் பண்ணுறதெண்டா அவவுக்குச் சொல்லிட்டுப் பண்ணுங்கோ.

அவ கேக்கிற கேள்வியோட நீங்கள் சொன்ன மறுமொழியையும் எழுதுங்கோ, இதை ஆரும் செய்யிறதில்ல. "அவர் எங்க?" எண்டு அம்மம்மா கேப்பா. முதல் தரம், அம்மப்பா செத்து எவ்வளவு காலம் எண்டு உண்மையைச் சொல்லுவீங்கள், அவ அப்பதான் கேள்விப்பட்ட மாதிரி அழுவா. அடுத்த தரம் சந்தைக்குப் போட்டார் எண்டுவீங்கள். பிறகு வருவார் எண்டுவீங்கள். பிறகு ரீவியைப் பாத்துக்கொண்டே ம் எண்டுவீங்கள். கேள்வி ஒரு எழுத்து மாறேல்ல, மறுமொழிதான் தேய்ஞ்சு தேய்ஞ்சு போகுது. இதை வரிசையா எழுதினா அதுவே கவிதை, உங்கட களைப்பும் பொய்யும் பாசமும் எல்லாம் அதுக்குள்ள வந்திடும், நான் பாவி எண்டு தனியா ஒரு வரி போடத் தேவையில்ல.

கேள்வி மறுமொழிக்கு எவ்வளவு பலம் எண்டு பாக்கோணுமெண்டா அல்சைமர் எண்ட டொக்டரின்ர குறிப்பையே பாக்கலாம். 1901ல பிராங்க்போர்ட் ஆசுபத்திரியில ஆகுஸ்ட எண்டு ஒரு மனிசி, 51 வயசுதான். பேர் என்னெண்டு கேக்கிறார், ஆகுஸ்ட எண்டுறா. குடும்பப் பேர்? ஆகுஸ்ட. புருசன்ர பேர்? ஆகுஸ்ட எண்டுதான் நினைக்கிறன் எண்டுறா. பண்டி இறைச்சியும் கோலிபிளவரும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க என்ன சாப்பிடுறீங்கள் எண்டா கீரை எண்டுறா. என்னை நானே துலைச்சிட்டன் எண்டும் சொல்லியிருக்கிறா. 1906ல இவவைப் பற்றித்தான் அவர் டொக்டர்மாருக்கு முன்னால பேசினவர், அதுக்குப் பிறகுதான் வருத்தத்துக்கு அவற்ற பேர் வந்தது. அந்தக் குறிப்பில ஒரு உவமை இல்ல, ஒரு ஐயோ இல்ல, ஆனா வாசிச்சா நித்திரை வராது.

பேர் மறந்த சாமானுக்கு அவை சொல்லுற சுத்து வழியையும் விடாதீங்கோ. எமர்சன் எண்ட அமெரிக்கக் கவிஞர் கடைசிக் காலத்தில குடைக்குப் பேர் வராம, வாற ஆக்கள் கொண்டுபோற சாமான் எண்டு சொன்னாராம். எங்கட வீடுகள்லயும் பிரிட்ஜுக்கு குளிர் அலுமாரி எண்டு வரும், மூக்குக்கண்ணாடிக்கு முகத்தில ஏறுறது எண்டு வரும். நாங்கள் சிரிச்சுப்போட்டு விட்டிடுவம். பட்டறை வைச்சு யோசிச்சாலும் எங்களுக்கு வராத படிமங்கள் அதுகள்.

இப்ப வடிவம். புதுக்கவிதையிலதான் எழுதோணும் எண்டில்ல, எனக்குக் கேட்டா இந்த விசயத்துக்கு அந்தாதியை விட பொருத்தமானது ஒண்டில்ல, ஒரு வரி முடிஞ்ச சொல்லைப் பிடிச்சுக்கொண்டு அடுத்த வரி தொடங்கும், ஞாபகமும் அப்பிடித்தானே ஒண்டைப் பிடிச்சு ஒண்டு போறது. அதால பிடி நழுவிற இடத்தில அந்தாதியையும் நழுவ விடுங்கோ. சும்மா ஒரு மாதிரிக்கு,

பொழுது படுது, போவம் வீடு
வீடு கிடக்கு தண்ணிக்கு அங்கால
அங்கால போக வேணும் பாதை
பாதை போனா வேற வழியில்ல
கதவைத் திற பிள்ளை, பொழுது படுது

நாலு வரி வரைக்கும் சொல் சொல்லா இணைஞ்சு வருது, அஞ்சாவது வழி எண்டு தொடங்கோணும், தொடங்கேல்ல, அறுந்து போய் திரும்பவும் முதல் வரிக்குள்ள விழுது. மறந்திட்டா எண்டு நான் எங்கயும் எழுதேல்ல. ஒரு இடத்தில மட்டும் அறுத்தாக் காணும், எல்லா வரியையும் குழப்பி எழுதினா வாசிக்கிறவருக்கு எழுதினவர்தான் குழம்பியிருக்கிறார் எண்டு தோணும். புள்ளி புள்ளியா வைச்சு மறதியைக் காட்டுறதும் வேண்டாம், அலுத்துப்போச்சு. காலமும் கவனம், அவ 1960களைக் கதைச்சாலும் நிகழ்காலத்திலதான் கதைப்பா, அம்மா கிணத்தடியில நிக்கிறா எண்டுதான் சொல்லுவா, அதை "நின்றாள்" ஆக்கினா எல்லாம் போச்சு.

எங்கட ஊருக்கெண்டு ஒரு சிக்கல் இருக்கு. வெளிநாட்டில எழுதிற இந்த வகைக் கவிதையள் கனக்க, பழைய ஞாபகம் எண்டா இனிப்பு எண்டு எடுத்துக்கொள்ளும், பள்ளிக்கூடம், நடனம், முதல் காதல். இங்க பழசுக்குத் திரும்பிப் போற ஆச்சி எங்க போய் நிப்பா எண்டு சொல்லேலாது. 90ல சண்டைக்கு ஓடின சனம் இருக்கு, 2004 டிசம்பர் 26 சுனாமிக் கடலுக்குத் தப்பின சனம் இருக்கு, 2006 ஓகஸ்ட்ல திரும்பவும் சண்டை எண்டு மூதூரால வெளிக்கிட்டு கந்தளாய்க்கு நடந்த சனம் இருக்கு. கோயில் வெடிச்சத்தம் கேட்டா பிள்ளையளை உள்ளுக்க கூப்பிடுவினம், ஐடென்டி கார்ட்டைத் தலையணைக்குக் கீழ வைச்சுக்கொண்டு படுப்பினம், பின்னேரமானா உடுப்புப் பையைக் கட்டி வைப்பினம். இதை இனிப்பாக்கவும் வேண்டாம், அரசியல் பேச்சாக்கவும் வேண்டாம், அவ இப்ப அதுக்குள்ளதான் நிக்கிறா, பைக்குள்ள என்னென்ன வைக்கிறா எண்டு ஒவ்வொண்டா எழுதுங்கோ. சீலை, பனடோல், பிறப்புச் சான்றிதழ், ஒரு பிஸ்கட் பக்கெட். அந்தப் பட்டியல் காணும்.

என்ன விடோணும் எண்டதையும் கொஞ்சம் சொல்லுறன். குளிக்கவாக்கிறது, படுக்கை நனையிறது, உடுப்புக் களட்டுறது, இதுகளை எழுதவே கூடாது எண்டு நான் சொல்லேல்ல, பாக்கிற ஆளின்ர உழைப்பு அதிலதான் இருக்கு, ஆனா அவ தெளிவா இருந்த காலத்தில இந்த வரியைத் தன்ர சம்பந்திக்கு முன்னால வாசிக்க விட்டிருப்பாவா எண்டு கேட்டுப் பாருங்கோ. விட்டிருக்கமாட்டா எண்டா வெட்டுங்கோ. படத்தோட பேஸ்புக்கில போடுறதும் அப்பிடித்தான். தலைப்பில வருத்தத்தின்ர பேர் வேண்டாம், முதல் வரிக்கு முந்தியே நோயாளியாக்கிப் போடும்.

கடைசியா, எழுதினதை அவவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, காலமயில எண்டா நல்லது, பின்னேரம் வேண்டாம். விளங்கிச்சோ எண்டு கேட்டுச் சோதிக்கப் போகாதீங்கோ. அவ இடையில புகுந்து வேற ஏதும் சொன்னா, அப்பிடியில்லையடி, அண்டைக்கு வந்தது மச்சாள் எண்டு சண்டைக்கு வந்தாலும், உங்கட வரியை வெட்டிப்போட்டு அதை வைக்கலாமோ எண்டு பாருங்கோ, கன தரம் அதுதான் நல்லா இருக்கும். முகம் மாறின வரிக்கு ஒரு கோடு போட்டு வைச்சு, அடுத்த கிழமை அந்த வரி இல்லாம ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.