ஃபோகேட் கேட்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுபதுகளின் ராக் இசைக்குள் நுழைபவர்கள் ஃபோகேட் குழுவிடம் வந்து சேர்வது பெரும்பாலும் ‘ஸ்லோ ரைட்’ பாட்டு வழியாகத்தான். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஒரு பாட்டோடு கிளம்பிவிடுகிறார்கள், அதுவும் ரேடியோவுக்காக வெட்டிச் சுருக்கிய, நான்கு நிமிடம்கூட வராத சிங்கிளை மட்டும் கேட்டுவிட்டு. இருக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான். 1975இல் வந்த ‘ஃபூல் ஃபார் த சிட்டி’ ஆல்பத்தில் அதே பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். மெதுவான, கனமான டிரம்ஸ் அடியில் ஆரம்பித்து, அதன் மேல் கிட்டார் ஏறி, நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் (கீழ் சுரங்களை வாசிக்கும் கிட்டார்) முன்னால் வந்து நிற்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடிக்கூடி கடைசியில் தலைதெறிக்க ஓடி முடியும். இப்படி ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஏற்றிக்கொண்டே போவதுதான் பூகி என்கிற இவர்களின் பாணி. அதை வெட்டினால் மிஞ்சுவது வெறும் கோரஸ்.

அந்த பேஸ் வாசித்தவர் யார் என்பதிலும் குழப்பம் உண்டு. தொடக்க கால பேஸிஸ்ட் டோனி ஸ்டீவன்ஸ் அதற்குள் விலகிவிட்டார். வாசித்தவர் நிக் ஜேம்சன், ஆல்பத்தின் தயாரிப்பாளரும் அவரேதான். பாட்டு எல்லோரும் சேர்ந்து ஜாம் செய்தபோது, அதாவது முன்திட்டமில்லாமல் வாசித்துப் பார்த்தபோது, உருவானது, எழுதியவர் என்று பெயர் போட்டிருப்பது பாடகர் டேவ் பெவரெட்டுக்கு மட்டும். அதேபோல ஸ்லைடு கிட்டாரை (விரலில் குழாய் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது) பெவரெட் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது ராட் பிரைஸின் கை.

இவர்களை அமெரிக்கக் குழு என்று எழுதுவது அடுத்த தவறு. ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது புரிகிறது, ஏனென்றால் ஹிட் ஆனது முழுக்க அங்கேதான். ‘ஸ்லோ ரைட்’ அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 ஹிட் பட்டியலில் 20ஆம் இடம் வரை போனது, சொந்த ஊரிலோ இவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் குழு பிறந்தது லண்டனில், 1971இல். சவாய் பிரவுன் என்ற பிரிட்டிஷ் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) குழுவிலிருந்து பெவரெட், ஸ்டீவன்ஸ், டிரம்மர் ரோஜர் ஏர்ல் மூவரும் வெளியே வந்து ராட் பிரைஸைச் சேர்த்துக்கொண்டார்கள். பாப் டிலனின் மேனேஜராக இருந்த ஆல்பர்ட் கிராஸ்மனின் பேர்ஸ்வில் நிறுவனம்தான் ஒப்பந்தம் போட்டது.

முதல் ஆல்பம் 1972, இரண்டாவது 1973. இரண்டுக்கும் பெயர் ‘ஃபோகேட்’தான், அதனால் ஆப்பில் தேடும்போது ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்வது சகஜம். அட்டையில் ஒரு கல்லும் ஒரு ரொட்டி ரோலும் இருந்தால் அது இரண்டாவது. ரசிகர்கள் அதை ‘ராக் அண்ட் ரோல்’ ஆல்பம் என்றே சொல்வார்கள். அட்டை என்றதும் இன்னொன்று: ‘ஃபூல் ஃபார் த சிட்டி’ அட்டையில் நடுரோட்டில் மேன்ஹோலைத் திறந்து வைத்துத் தூண்டில் போடுகிறவரைப் பாடகர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் டிரம்மர் ஏர்ல், இடம் நியூயார்க்.

வெறும் பார்ட்டி மியூசிக் என்று ஒதுக்குவதுதான் எனக்குத் தாங்காது. இவர்களின் முதல் ஹிட்டான ‘ஐ ஜஸ்ட் வான்ட் டு மேக் லவ் டு யூ’வே வில்லி டிக்சன் எழுதி 1954இல் மடி வாட்டர்ஸ் பாடிய ப்ளூஸ் பாட்டு. 1972இல் அது 83ஆம் இடத்தோடு நின்றது. அதையே மேடையில் வாசித்து 1977இல் ‘ஃபோகேட் லைவ்’ ஆல்பத்தில் போட்டபோது 33ஆம் இடத்துக்கு வந்தது. அதே வருஷம் நியூயார்க்கில் ப்ளூஸுக்கு மரியாதை செய்ய ஒரு கச்சேரி நடத்தி, மடி வாட்டர்ஸையும் இன்னொரு ப்ளூஸ் பாடகரான ஜான் லீ ஹூக்கரையும் தங்கள் மேடைக்கே அழைத்து வந்தார்கள். யாரிடமிருந்து கற்றோம் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஹார்ட் ராக் குழுக்கள் அதிகமில்லை.

புதிதாகக் கேட்பவர் அந்த லைவ் ஆல்பத்தில் தொடங்கலாம். மொத்தமே ஆறு பாட்டுதான், அமெரிக்காவில் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஹிட் தொகுப்புகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சரியா?

தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பதிவோ போஸ்டரோ கையில் கிடைத்தால் மட்டும் கவனம். அப்போது ஏர்ல் ஒரு ஃபோகேட், பெவரெட் இன்னொரு ஃபோகேட் என்று இரண்டு குழுக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. 1993இல்தான் பழைய நால்வரும் மறுபடி சேர்ந்தார்கள். பெவரெட் 2000இலும் பிரைஸ் 2005இலும் இறந்துபோனார்கள். ஆனால் குழு முடிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஏர்ல் டிரம்ஸை விடவில்லை, 2023இல்கூட ‘சோனிக் மோஜோ’ என்று புது ஆல்பம் வந்தது.