மூன்று டிஸ்க், ஒரே கேம்: எமுலேட்டரில் அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1997-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 மூன்று சிடிக்களில் வந்தது. அதற்கடுத்து 1999-ல் வந்த 8-க்கும் 2000-ல் வந்த 9-க்கும் நான்கு நான்கு. மெட்டல் கியர் சாலிட், குரோனோ கிராஸ், சீனோகியர்ஸ் எல்லாம் இரண்டு. சேகா சாட்டர்னில் பான்சர் டிராகூன் சாகா நான்கு, ரிவன் பிளேஸ்டேஷனில் ஐந்து. ஒரு சிடியில் 700 எம்பிக்கு மேல் ஏறாது, இடத்தைத் தின்றது பெரும்பாலும் வீடியோ. ஃபைனல் ஃபேன்டஸி 7-ன் மூன்று சிடிக்களிலும் கேமின் பெரும்பகுதி அப்படியே திரும்பத் திரும்ப இருக்கிறது, மாறுவது முக்கியமாக வீடியோக் காட்சிகள்தான்.

அப்போதெல்லாம் திரையில் "டிஸ்க் 2-ஐப் போடவும்" என்று வந்தால் மூடியைத் திறந்து சிடியை மாற்றினால் போதும். மெமரி கார்டு அதன் பாட்டுக்கு கன்சோலில் செருகியபடியே இருக்கும். பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டருக்கு மூடியும் இல்லை, சிடிக்களிலிருந்து எடுத்த அந்த மூன்று ஃபைல்களும் ஒரே கேம் என்ற விவரமும் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டாலும் முதல் டிஸ்க் நன்றாகவே ஓடும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை. தவறு வெளியே தெரிவது டிஸ்க் மாற்றும் இடத்தில். மெட்டல் கியர் சாலிட் என்றால் ஸ்னைப்பர் வுல்ஃபுடன் இரண்டாவது சண்டை முடிந்த பிறகு, கதாபாத்திரத்தை வளர்த்து ஆடும் பெரிய ஆர்பிஜி என்றால் பல மணி நேரம் ஆடிய பிறகு. அதனால் கீழே சொல்வதையெல்லாம் நியூ கேம் அழுத்துவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. உங்களிடம் இருக்கும் சிடியிலிருந்து நீங்களே எடுத்த காப்பியை வைத்துத்தான் பேசுகிறேன்.

டிஸ்க் 2-ஐத் தனி கேமாகத் திறப்பது

அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் மென்பொருளான ரெட்ரோஆர்க், சேவ் ஃபைலுக்குப் பெயர் வைப்பது நீங்கள் திறந்த ஃபைலின் பெயரை வைத்து. "ஃபைனல் ஃபேன்டஸி 7 (டிஸ்க் 1)" என்ற ஃபைலைத் திறந்தால், அதே பெயரில் எஸ்ஆர்எம் என்ற நீட்சியோடு ஒரு மெமரி கார்டு உருவாகும். டிஸ்க் 2 கேட்கும்போது மெனுவுக்குப் போய் "(டிஸ்க் 2)" ஃபைலைத் திறந்தால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, கன்சோலை அணைத்துப் போட்டது மாதிரி கேம் முதலிலிருந்து தொடங்கும். இரண்டு, புத்தம்புதுக் காலி மெமரி கார்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். லோட் அழுத்தினால் ஒன்றும் இருக்காது. சேவ் அழிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் அங்கேயே கேமை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது பழைய பெயரில் பத்திரமாக இருக்கும்.

தீர்வு, எம்3யூ என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைல். அதில் ஒரு வரிக்கு ஒரு டிஸ்க் ஃபைலின் பெயர் (சிஎச்டி என்பது டிஸ்க் ஃபைலின் ஒரு வடிவம், பிறகு சொல்கிறேன்):

ஃபைனல் ஃபேன்டஸி 7 (டிஸ்க் 1).சிஎச்டி
ஃபைனல் ஃபேன்டஸி 7 (டிஸ்க் 2).சிஎச்டி
ஃபைனல் ஃபேன்டஸி 7 (டிஸ்க் 3).சிஎச்டி

இதை "ஃபைனல் ஃபேன்டஸி 7.எம்3யூ" என்று சேவ் செய்து, கேமை எப்போதும் இதன் வழியாகவே திறக்க வேண்டும். சேவ் ஃபைலும் எம்3யூவின் பெயரையே எடுத்துக்கொள்ளும், மூன்று டிஸ்குக்கும் ஒரே கார்டு. ஏற்கெனவே டிஸ்க் 1-ல் பாதி ஆடிவிட்டீர்களா? பரவாயில்லை. எஸ்ஆர்எம் ஃபைலை ஒரு காப்பி எடுத்துவிட்டு, அதன் பெயரை எம்3யூவின் பெயருக்கு மாற்றினால் சேவ் வந்துவிடும்.

பிளேஸ்டேஷனுக்கென்றே உள்ள எமுலேட்டரான டக்ஸ்டேஷனில் கதை கொஞ்சம் வேறு. அங்கே சீரியல் எண்ணைப் பார்த்து கேமுக்கொரு கார்டு கொடுக்கும் வசதி உண்டு. ஆனால் ஒவ்வொரு டிஸ்குக்கும் சீரியல் எண் வேறு. ஃபைனல் ஃபேன்டஸி 7-ன் அமெரிக்கப் பதிப்பில் 94163, 94164, 94165 என்று போகும். பல டிஸ்க் கேமுக்கு ஒரே கார்டு என்ற தேர்வு மெமரி கார்டு அமைப்புகளில் இருக்கிறது. அது ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எம்3யூவுக்குள் நுழையும் சில்லறைத் தவறுகள்

விண்டோஸ் நோட்பேடில் எழுதினால் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று சேர்ந்துகொள்ளும், அது கண்ணுக்கும் தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நீட்சிகளைக் காட்டச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இதே நோட்பேடில் "பிஓஎம்" சேர்த்து சேவ் செய்யும் தேர்வும் உண்டு. அதைத் தேர்ந்தால் முதல் வரிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத சில பைட்டுகள் ஒட்டிக்கொள்ளும். சில கோர்கள் (ரெட்ரோஆர்க்குக்குள் ஓடும் எமுலேட்டர்கள்) அதையும் ஃபைல் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு டிஸ்க் 1-ஐக் காணவில்லை என்று சொல்லும். சாதாரண யுடிஎஃப்-8 போதும்.

முழுப் பாதை எழுதுவது இன்னொன்று. சி டிரைவில் தொடங்கி ஐந்து ஃபோல்டர் பெயரை எழுதிவைத்தால் அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும், எஸ்டி கார்டுக்கு மாற்றிக் கையடக்கக் கன்சோலில் போட்டதும் நின்றுவிடும். வெறும் ஃபைல் பெயரை எழுதுங்கள். துணை ஃபோல்டரில் இருந்தால் அதன் பெயரும் முன்சாய்கோடும். பின்சாய்கோடு விண்டோஸை விட்டு வெளியே வேலை செய்யாது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் விண்டோஸ் கண்டுகொள்ளாது, ராஸ்பெர்ரி பை, ஸ்டீம் டெக் மாதிரி லினக்ஸ் கருவிகள் விடாது. டிஸ்க் என்ற சொல்லின் முதல் எழுத்து ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் சிறிதாகவும் இருந்தால் கதை முடிந்தது.

எம்3யூ அடிப்படையில் பாட்டு வரிசைக்கென்று வந்த வடிவம். டபுள் கிளிக் செய்தால் மியூசிக் பிளேயர் திறந்துகொண்டு பிழை காட்டும், பயப்பட வேண்டாம்.

பின் ஃபைலின் பெயரை மட்டும் மாற்றுவது

சிடியை பின், கியூ என்ற ஃபைல் ஜோடியாக எடுத்திருப்பீர்கள். பின் என்பது தரவு. கியூ என்பது எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் டெக்ஸ்ட். பின் ஃபைலின் பெயர் கியூவுக்குள் எழுதப்பட்டிருக்கும். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பின்னை மட்டும் மாற்றினால் கியூ தொடர்பற்றுப் போகும். எம்3யூவில் கியூவுக்குப் பதில் பின்னை எழுதுவதும் தவறுதான். சிடி ஆடியோ டிராக் உள்ள கேமில் இசையே வராது.

இந்தத் தலைவலிக்கு என் பரிந்துரை சிஎச்டி. ஆர்கேட் கேம்களுக்கான எமுலேட்டரான மேம் திட்டத்தோடு வரும் சிஎச்டிமேன் என்ற கருவி கியூவையும் அதன் பின்களையும் சேர்த்து ஒரு டிஸ்குக்கு ஒரே ஃபைலாகச் சுருக்கிவிடும். தரவு எதுவும் இழக்காது, வேண்டுமானால் திரும்பப் பிரித்தும் எடுக்கலாம். மாற்றிய கையோடு பின் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். அதே கருவியில் வெரிஃபை கட்டளை உண்டு. அதை ஓட்டி, பிறகு ஒவ்வொரு டிஸ்கையும் தனியாக ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து, அப்புறம் அழியுங்கள். மூன்றாவது டிஸ்கின் காப்பி கெட்டிருப்பது கடைசி டஞ்சனில் தெரிந்தால் எப்படி இருக்கும்!

பிளேஸ்டேஷன் 1 கேமை ஐஎஸ்ஓ என்ற ஃபைல் வடிவத்துக்கு மாற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த சிடியில் ஒரு செக்டர் (தரவுத் துண்டு) 2352 பைட், ஐஎஸ்ஓவில் நிற்பது 2048. வீடியோவும் ஸ்ட்ரீமிங் ஒலியும் இருக்கும் செக்டர்கள் வேறு வகை, அவை இந்த வெட்டில் அடிபட்டுப் போகும். பிஎஸ்பி என்ற கையடக்கக் கன்சோலுக்காக சோனி கொண்டுவந்த பிபிபி வடிவத்தில் பல டிஸ்கை ஒரே ஃபைலில் அடக்கலாம், எம்3யூவே வேண்டாம். வசதிதான். ஆனால் மூல சிடியோடு செக்சம் (ஃபைலின் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை என்பதால் எனக்கு அது இரண்டாம்பட்சம்.

ஐரோப்பியப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஃபைனல் ஃபேன்டஸி 8, 9 போன்றவற்றின் ஐரோப்பிய டிஸ்குகளில் லிப்கிரிப்ட் என்ற காப்பிப் பாதுகாப்பு உண்டு. அதற்கு டிஸ்குக்கு ஒன்றாக எஸ்பிஐ என்ற குட்டி ஃபைல் வேண்டும், டிஸ்க் ஃபைலின் அதே பெயரில், அதே ஃபோல்டரில். பெயர் மாற்றும்போது இதை மறந்தால் கேம் நடுவில் உறைந்து நிற்கும். ஒரு டிஸ்க் அமெரிக்கப் பதிப்பு, இன்னொன்று ஐரோப்பியப் பதிப்பு என்று கலப்பதும் கூடாது. தொகுப்பு முழுவதும் ஒரே நாட்டுப் பதிப்பாக இருக்கட்டும்.

டிஸ்க் மாற்றும் வரிசை

ரெட்ரோஆர்க்கில் குவிக் மெனுவுக்குள் டிஸ்க் கன்ட்ரோல் இருக்கிறது. முதலில் எஜெக்ட், பிறகு டிஸ்க் எண்ணை மாற்றுவது, கடைசியில் இன்சர்ட். எஜெக்ட் செய்யாமல் எண்ணைத் தேடினால் கிடைக்காது. கேம் தொடங்கிய முதல் நாளே இந்த மெனுவைத் திறந்து எத்தனை டிஸ்க் தெரிகிறது என்று பாருங்கள். மூன்றுக்குப் பதில் ஒன்றுதான் தெரிந்தால் எம்3யூவில் ஏதோ கோளாறு.

டிஸ்க் மாறும் இடத்துக்குச் சற்று முன் பல கேம்கள் சேவ் செய்யச் சொல்லிக் கேட்கும். சேவ் ஸ்டேட் (எமுலேட்டர் அந்தக் கணத்தை அப்படியே பதிவு செய்வது) இருக்கிறதே என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். சேவ் ஸ்டேட் ஒரு கோருக்குச் சொந்தம், வேறு எமுலேட்டருக்கு எடுத்துப் போக முடியாது. மெமரி கார்டு 128 கேபி உள்ள வெறும் தரவு. எஸ்ஆர்எம் ஃபைலுக்கு நீட்சியை எம்சிடி என்று மாற்றினால் டக்ஸ்டேஷனும் படிக்கும்.

ஒரே கேம் நான்கு முறை பட்டியலில் வருவது

எமுலேஷன்ஸ்டேஷன் மாதிரி, கேம்களைப் பட்டியலிட்டுக் காட்டும் முகப்பு மென்பொருள்கள் கண்ணில் படும் எல்லா ஃபைலையும் கேமாகக் காட்டும். எம்3யூ ஒன்று, டிஸ்க் மூன்று. அழகுப் பிரச்சினை மட்டுமென்றால் விட்டுவிடலாம், ஆனால் வீட்டில் வேறு யாராவது டிஸ்க் 1-ஐ நேராகத் திறந்தால் மேலே சொன்ன சேவ் குழப்பம் மறுபடி வரும். டிஸ்குகளைப் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள துணை ஃபோல்டரில் ஒளித்துவைத்து எம்3யூவை மட்டும் வெளியே விடலாம். அதே வகையைச் சேர்ந்த இஎஸ்-டிஇ என்ற முகப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் நல்ல வழி: ஃபோல்டருக்கே "ஃபைனல் ஃபேன்டஸி 7.எம்3யூ" என்று பெயர் வைத்து, அதே பெயருள்ள எம்3யூவையும் டிஸ்குகளையும் உள்ளே போட்டால் மொத்த ஃபோல்டரும் ஒரே கேமாகத் தெரியும்.

இந்த எம்3யூ உபாயம் எல்லா எமுலேட்டருக்கும் பொருந்தாது. கேம்கியூப் டிஸ்குகளுக்கான டால்ஃபின் என்ற எமுலேட்டர் எம்3யூவைப் படிக்கும். பிளேஸ்டேஷன் 2-க்கான பிசிஎஸ்எக்ஸ்2 படிக்காது. அங்கே மெனுவில் டிஸ்க் மாற்று என்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். கார்டு எல்லா கேமுக்கும் பொது என்பதால் சேவ் தொலையாது.

டிஸ்க் மாற்றாத கேம்களை மறப்பது

ரெசிடென்ட் ஈவில் 2-ல் நடுவில் டிஸ்க் மாற்றும் வேலையே கிடையாது. ஒரு டிஸ்க் லியானுக்கு, இன்னொன்று கிளேருக்கு. அப்படியானால் தனித்தனியாகவே வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. ஒருவருடைய கதையை முடித்த சேவை மற்ற டிஸ்கில் லோட் செய்தால்தான் இரண்டாம் கதை திறக்கும், அதனால் இதற்கும் எம்3யூ வேண்டும். ரேஸ் கேமான கிரான் டூரிஸ்மோ 2-ம் ஆர்கேட், சிமுலேஷன் என்று இரண்டு டிஸ்கில் வந்தது. அதையும் இப்படியே சேர்த்துவிடலாம்.

தனித்தனியாக விற்கப்பட்ட கேம்கள் சேவைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. சூய்கோடன் 2 முதல் பாகத்தின் சேவை எடுத்துக்கொள்ளும். மெட்டல் கியர் சாலிடில் சைக்கோ மான்டிஸ் என்ற வில்லன் உங்கள் மெமரி கார்டைப் படித்து, நீங்கள் ஆடிய மற்ற கொனாமி கேம்களின் பெயரைச் சொல்லி மிரட்டுவான். கேமுக்கொரு கார்டு என்று வைத்திருப்பவர்களிடம் அவனுக்குப் பேச விஷயமே இருக்காது. இவற்றை எம்3யூவில் சேர்க்காதீர்கள், அவை வேறு வேறு கேம்கள். டக்ஸ்டேஷனில் பொதுக் கார்டு என்ற தேர்வை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முதல் கேமின் கார்டைக் காப்பி எடுத்து இரண்டாவது கேமின் பெயரை அதற்கு வையுங்கள். ஒரு கார்டில் 15 பிளாக்தான் இருக்கிறது, பொதுக் கார்டு என்றால் அது சீக்கிரம் நிறையும்.