மதுரை டு சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

போன தை மாசம் அம்மா முதல்முறையாகத் தனியாக, சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாங்க. டிக்கெட்டில் இரவு 11.00 புறப்பாடு, காலை 5.40 வருகை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பயணம் 6 மணி 40 நிமிஷம் என்று நினைத்து, சாப்பாட்டு நேரம், மாத்திரை நேரம் எல்லாம் எழுதி வைத்துவிட்டேன். அத்தனையும் தப்பு.

முதலில் தூரம். கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு விமான நிலையக் குறியீடுகளையும் நடுவில் சிறு கோடு போட்டு அடித்தால் போதும். இதுக்குத் தனி ஆப் தேவையே இல்லை. ஆனால் ரயில் டிக்கெட்டில் பார்த்த எம்.டி.யு.வை மதுரைக்குப் போடாதீங்க. நான் போட்டேன், விமான உலகில் அது பப்புவா நியூ கினியில் உள்ள மெண்டி. நம்ம பெருங்குடி ஏர்போர்ட் ஐ.எக்ஸ்.எம்., சிங்கப்பூர் எஸ்.ஐ.என். சுமார் 3,010 கி.மீ. வரும். விடை நாட்டிக்கல் மைலில் வந்தால் 1.852ஆல் பெருக்குங்க.

அடுத்து நேரம். விமானம் மணிக்குச் சுமார் 800 கி.மீ. போகும் என்று வைத்து, தூரத்தை 800ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேருங்க. 3 மணி 46 நிமிஷமும் 30 நிமிஷமும் சேர்ந்து நாலேகால் மணி நேரம்.

அப்போ டிக்கெட்டில் ஏன் 6.40? இங்கேதான் நான் மாட்டினேன். புறப்படும் நேரம் மதுரைக் கடிகாரம், இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி. காலை 5.40 என்றால் நமக்கு விடியற்காலை 3.10. ஆக 4 மணி 10 நிமிஷம்தான்.

மதுரையிலிருந்து துபாயும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், 2,950 கி.மீ. ஆனால் துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. அதனால் நாலு மணி நேரப் பயணம் டிக்கெட்டில் இரண்டரை மணி மாதிரி தெரியும். மனக்கணக்காகக் கூட்டிக் கழிக்காமல், இரண்டு நேரத்தையும் இந்திய நேரமாக மாற்றி எழுதிவிட்டு அப்புறம் கழிப்பதுதான் என் வழி. அம்மாவின் பட்டியலையும் அப்படியே திருத்தி, டாக்டரிடம் காட்டிக் கொடுத்தனுப்பினோம். இறங்கும்வரை வாட்சை மாற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

காற்றாலும் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். ஆடியில் தரையில் மேற்கிலிருந்து காற்று அடித்தாலும், விமானம் பறக்கும் உயரத்தில் கிழக்கிலிருந்து காற்று வீசும். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று.

பின்சேர்க்கை: உசிலம்பட்டி வாசகர் ஒருவர், லண்டன் கணக்கில் ஒரு மணி நேரம் உதைக்கிறது என்று எழுதியிருந்தார். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவாங்க. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி வித்தியாசம். மற்ற மாசங்களில் ஐந்தரை. நேரடி விமானம் இல்லாததால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேருங்க.