வியூக விளையாட்டுகளில் இலகுரகக் குதிரைப்படையைப் பயன்படுத்தும் முறை

பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களைக் களமாகக் கொண்ட வியூக விளையாட்டுகளை ஆடும் கோவை, ஈரோடு நண்பர்கள் பலரும், கையிருப்புப் பொன் முழுவதையும் துப்பாக்கிக் காலாட்படைக்கும் பீரங்கிகளுக்குமே செலவிட்டு, இலகுரகக் குதிரைப்படையை வலுவற்றது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படையின் வேலை வேறு என்பதற்கு நம் பகுதியைத் தொட்டு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரே சான்று. 1790 செப்டம்பரில் கஜலட்டிக் கணவாய் வழியே இறங்கிவந்த திப்பு சுல்தான், சத்தியமங்கலத்தில் இருந்த ஆங்கிலேயத் தளபதி ஃபிளாய்டின் படையைப் பின்வாங்கச் செய்தார். 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே களத்தில் வென்ற பிறகும், ஆங்கிலேயத் தலைமைத் தளபதி கார்ன்வாலிஸ் உணவும் இழுவை மாடுகளும் இல்லாமல் தம் முற்றுகைப் பீரங்கிகளை அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. வழங்கல் பாதைகளை ஓயாமல் அலைக்கழித்த மைசூர்க் குதிரைவீரர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. (காளையின் அருமையைக் காங்கேயத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

ஆகவே, துப்பாக்கி முனை ஈட்டிகளுடன் சதுரம் கட்டி நிற்கும் காலாட்படையின் மீது இலகுரகக் குதிரைவீரர்களை நேராக ஏவாதீர்கள். தொடக்கத்தில் வேவு பார்க்கவும், நடுவில் காவலற்ற பீரங்கி அணியைப் பக்கவாட்டில் தாக்கவும், எதிரி கலைந்ததும் துரத்தி அவர்கள் மீண்டும் ஒன்றுசேராமல் தடுக்கவும் பயன்படுத்துங்கள். இந்தக் கடைசி வேலைக்காகவே ஓர் அணியைக் களைப்படையாமல் பின்னால் நிறுத்திவைப்பது நல்லது. எதிரியின் கனரகக் குதிரைப்படை நெருங்கினால் மோதாமல் விலகி, அதை உங்கள் துப்பாக்கி வரிசையின் முன் இழுத்து வாருங்கள்.

வழங்கல் விதியே இல்லாத விளையாட்டானால், இவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.