ஸ்காபரோவில் நாயோடு முதல் பனிக்காலம்: நம்மட ஆக்களுக்குச் சில விபரங்கள்

நம்மட ஊரில் நாய்க்கு இரண்டு காலம்தான். கச்சான் அடிக்கிற வெயிலில் கிணற்றடி ஈரத்தில் படுத்துக் கிடக்கும்; மார்கழி மாரியில் அடுப்படிச் சாம்பலுக்குள் சுருண்டுகொள்ளும். அதன் காலை யாரும் கழுவிவிட்டதில்லை, சட்டை போட்டதுமில்லை. அந்தப் பழக்கத்தோடு ரொறன்ரோவுக்கு வந்து, பிள்ளைகள் கேட்டார்கள் என்று கோடையில் ஒரு நாய்க்குட்டியை வாங்கிவிட்டு, கார்த்திகை பிறக்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்கள் இப்போது நிறைய. கல்லடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கள் முதல் பனிக்காலத்திலேயே நாயைப் பறிகொடுத்தது. குளிர் தாங்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாகனத்தின் ரேடியேட்டருக்குள் ஊற்றும் திரவத்தை அது நக்கியிருக்கிறது என்று தெரிய வந்தபோது நேரம் கடந்துவிட்டது. இந்த வழிகாட்டியை எழுதியதே அதற்காகத்தான்.

முதலில் அரச காரியங்களை முடித்துவிடுவோம். ரொறன்ரோவில் நாய்க்கு நகரசபை அனுமதிப்பத்திரம் வேண்டும். இணையத்திலோ 311ஐ அழைத்தோ எடுக்கலாம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணம் குறைவு. ஊரில் இலவசமாகப் போட்ட விசர்நாய்த் தடுப்பூசியை இங்கே மிருக வைத்தியரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் கடந்த நாய்க்கு ஒன்ராறியோவில் அது கட்டாயம். வெளியே போகும்போது பிடிக்கும் வார் 2 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. நாய் யாரையாவது கடித்தால் நட்டஈட்டுக்கு உரிமையாளர் பொறுப்பு. உங்கள் கவனக்குறைவைக் கடிபட்டவர் நிரூபிக்கத் தேவையில்லை. பிட்புல் வகை 2005 முதல் ஒன்ராறியோவில் தடை, யாராவது சும்மா தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். பீயைப் பையில் அள்ளி வீட்டுப் பச்சைத் தொட்டியில் போடலாம்.

வாடகை வீட்டு விடயத்தில் நம்மட ஆக்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஒப்பந்தத்தில் ‘நாய் பூனை கூடாது’ என்று எழுதியிருந்தாலும் ஒன்ராறியோ வாடகைச் சட்டப்படி அந்த வரி செல்லாது. ஆனால் வீட்டுக்காரரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்ந்து பேஸ்மென்டில் இருந்தால் அந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. கொண்டோ என்றால் கட்டடத்தின் சொந்த விதிகளையும் பார்க்க வேண்டும். நாய் ஓயாமல் குரைத்தாலோ, பக்கத்தில் யாருக்காவது கடுமையான ஒவ்வாமை வந்தாலோ பிரச்சினை வாடகைச் சபை வரைக்கும் போகும்.

இனி பனிக்கு வருவோம். நிலத்தில் பனி உறைந்ததும் நடைபாதையிலும் பிளாசா வாசலிலும் உப்புத் தூவுவார்கள். கறி உப்பும் அதில் உண்டு. கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. கல்சியம் குளோரைட் தண்ணீரில் கரையும்போது சூடு கக்கும். நாயின் விரலிடுக்கில் அந்தக் கட்டி சிக்கி ஈரம் பட்டால் தோல் வெந்துவிடும். நாய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது, வீட்டுக்கு வந்து பாதத்தையே நக்கிக்கொண்டிருப்பது, அடிப்பாதம் சிவந்து வெடிப்பது எல்லாம் இதன் வேலை. நக்கிய உப்பு வயிற்றுக்குள் போனால் வாந்தி, அடங்காத தாகம். அளவு மிஞ்சினால் நடுக்கம், வலிப்பு வரை போகும்.

வாசலில் ஒரு அகலமான பேசின் வையுங்கள். இரண்டு அங்குல உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சுடுதண்ணீர் வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே போய் வந்ததும் நான்கு காலையும் முக்கி எடுத்து, விரலிடுக்கு வரைக்கும் துடையுங்கள். வயிறு தரையைத் தொடும் குட்டை நாய்க்கு வயிற்றையும் துடைக்க வேண்டும். விரல்களுக்கிடையில் வளரும் முடியை அடிப்பாதத்தோடு சமமாக வெட்டிவிட்டால் பனிக்கட்டி உருண்டை பிடிக்காது. வெளியே போகுமுன் தேன்மெழுகு கலந்த பாதக் களிம்பைத் தடவலாம். தேங்காயெண்ணெய் வேண்டாம், கடப்படி தாண்டுவதற்குள் நாய் நக்கி முடித்துவிடும்.

சப்பாத்து வாங்குவதென்றால் நாயை நிற்கவைத்து, கடதாசியில் பாதத்தை அழுத்தி அகலத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். தூக்கிப் பிடித்த கால் ஒடுக்கமாக இருக்கும், அந்த அளவில் வாங்கினால் இறுகும். பலூன் போன்ற மெல்லிய ரப்பர் சப்பாத்து உப்பைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. பட்டியை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நிற்கும். வீட்டுக்குள் வந்தவுடன் கழற்றிவிடுங்கள். முதல் மூன்று நாட்கள் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் போட்டுப் பழக்குங்கள்.

இப்போது அந்தத் திரவம். ஆன்டிஃபிரீஸ், கூலன்ட் என்று சொல்வார்கள். ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றுவது. அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகோல், அதற்கு இனிப்புச் சுவை. நாய் தானாகவே தேடிப்போய் நக்கும். கலக்காத கூலன்ட் என்றால் 10 கிலோ நாயைக் கொல்ல 50, 60 மில்லிலீற்றர் போதும், சின்னத் தேநீர்க் கோப்பையில் பாதி. பச்சை, செம்மஞ்சள், றோஸ் எனப் பல நிறங்களில் வரும். நிறத்தை வைத்து இது ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது. கசப்பு சேர்த்த போத்தல்களையும் நம்பாதீர்கள். ஒழுகும் பழைய காரின் கீழே, கராஜ் மூலையில் மூடி சரியாகப் பூட்டாத கானில், அப்பார்ட்மென்ட் வாகனத் தரிப்பிடத்தில், பனி உருகிய குட்டையில் என எங்கும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு வாங்கும், குலுக்கினால் பனி விழும் கண்ணாடி உருண்டைகள் சிலவற்றுக்குள்ளும் இதே திரவம்தான். கண்ணாடி கழுவும் வொஷர் திரவத்தில் மெதனோல் உண்டு, அதுவும் நஞ்சு.

இந்த நஞ்சு ஆளை ஏமாற்றும். நக்கி அரை மணித்தியாலத்திலிருந்து நாய் குடிகாரன்போல் தள்ளாடும், வாந்தி எடுக்கும், தண்ணீரை விடாமல் குடித்து அடிக்கடி சலம் கழிக்கும். குளிரில் விறைத்துவிட்டது என்று போர்வை போர்த்திப் படுக்க வைப்பார்கள். சில மணித்தியாலம் போனதும் தள்ளாட்டம் குறையும். எழுந்து நடக்கும், ‘சுகமாகிவிட்டது’ என்று வீடே நிம்மதியாகத் தூங்கும். அந்த நேரத்தில்தான் கிளைகோலை ஈரல் அமிலங்களாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த அமிலம் கல்சியத்தோடு சேர்ந்து பளிங்குத் துகளாகச் சிறுநீரகத்தில் படிகிறது. ஒன்று முதல் மூன்று நாளில் சலம் நின்றுவிடும், சாப்பாடு போகாது. அதன் பிறகு நஞ்சை முறிக்கும் மருந்து பயன்படாது. ஃபோமெப்பிசோல் என்ற மருந்து இருக்கிறது. அது கிளைகோல் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்து. நக்கிய எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக உண்டு. விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த எட்டு மணித்தியாலம் தூக்கத்திலேயே போய்விடும்.

ஆகவே நக்குவதைக் கண்டாலோ, வெளியே போய் வந்த நாய் தள்ளாடினாலோ, நேரத்தைக் குறித்துக்கொண்டு 24 மணித்தியாலமும் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலைக்கு அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டாலும் ‘மை டோக் லிக்ட் ஆன்டிஃபிரீஸ்’ என்ற நான்கு சொல் போதும். போத்தல் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். ஊர்ப் பழக்கத்தில் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், உப்பே நாய்க்கு நஞ்சாகும். மஞ்சள் கரைத்து ஊற்றி நேரத்தைக் கழிக்க வேண்டாம். பனடோலோ அட்விலோ கொடுக்கவே கூடாது. நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் அவை பாதிக்கும்.

வைத்தியசாலையில் முதலில் செலவு மதிப்பீட்டில் கையொப்பம் கேட்பார்கள், முற்பணமும் கேட்பார்கள். ஆயிரக்கணக்கான டொலர் ஆகலாம். அரசின் மருத்துவ அட்டை நாய்க்கு உதவாது. காப்புறுதி எடுத்த அன்றே பலன் தராது, காத்திருப்புக் காலம் உண்டு, எனவே பனிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வருமானம் மிகக் குறைந்தவர்கள், மிருக வைத்தியச் செலவுக்கு உதவும் ஃபார்லி அறக்கட்டளை பற்றி உங்கள் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அவர் மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும்.

உங்கள் கார் ஒழுகுகிறதா என்று பார்க்க, இரவில் எஞ்சினுக்குக் கீழே ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து வையுங்கள். காலையில் நிறமுள்ள, வழுவழுப்பான ஈரம் இருந்தால் திருத்துனரிடம் கொண்டு போங்கள். சிந்தியதன் மேல் பூனை மணலை (வீட்டுப் பூனை மலங்கழிக்கக் கடையில் விற்கும் மணல்) கொட்டி, ஊறியதும் அள்ளிப் பையில் கட்டிவிட்டு அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுத் துடையுங்கள். நாய் குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டு போங்கள், தெருக் குட்டையில் வாய் வைக்க விடாதீர்கள்.

குளிரைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. மெல்லிய முடியுள்ள சின்ன நாய்க்குப் பூச்சியத்துக்குக் கீழே போனால் சட்டை போடுங்கள். மைனஸ் 10க்குக் கீழே பத்துப் பதினைந்து நிமிடம், மைனஸ் 20 என்றால் ஒன்றுக்கு இரண்டுக்கு மட்டும். காது நுனியோ வால் நுனியோ வெளிறிப்போனால் தேய்க்க வேண்டாம், ஹெயார் டிரையர் பிடிக்க வேண்டாம்; வெதுவெதுப்பான துவாயால் மூடிவிட்டு வைத்தியரிடம் கொண்டு போங்கள். ஊரில் கிழமைக்கொருமுறை குளிப்பாட்டியதுபோல் இங்கே செய்தால் ஹீற்றர் காற்றில் தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், எஞ்சின் நின்றதும் அது குளிர்சாதனப் பெட்டி.

தெருவிளக்குக் கம்பத்தில் நாயைக் கட்டாதீர்கள், நடைபாதையில் பதித்த இரும்பு மூடிகளைச் சுற்றிப் போங்கள். 2008-2009 பனிக்காலத்தில் ரொறன்ரோவில் இப்படியான இடங்களில் மின்கசிவு பட்டு நாய்கள் இறந்தன. உப்புக் கரைந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், நாய்க்கோ வெறுங்கால். மூடிப் பக்கம் நாய் திடீரென்று அலறினால் வாரைப் பிடித்து இழுங்கள், உடம்பில் கைவைக்காதீர்கள்.

கார்த்திகை, அதாவது நவம்பர், முதல் ஞாயிறு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும். நாய்க்கு அது தெரியாது, பழைய நேரத்துக்கே எழுப்பும். சாப்பாட்டு நேரத்தை நாளுக்குப் பத்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டு, கறுப்பு நாய்க்கு ஒளிரும் பட்டி கட்டுங்கள். ரூஜ் ஆற்றோரத்தில் கொயோட்டிகள் (ஓநாய் போன்ற காட்டு விலங்கு) தை, மாசியில் இணை தேடித் திரியும், அங்கே வாரை விடவே வேண்டாம்.

நத்தாருக்கு வீட்டில் கேக் அடித்தால் நாய்க்குத் துண்டு போடாதீர்கள். முந்திரிகை வற்றல் (காய்ந்த திராட்சை) கொஞ்சம் போதும், சிறுநீரகம் பழுதாக. வெங்காயம் போட்ட கறிச்சோறும், சமைத்த கோழி எலும்பும் கூடாது. எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும். சோறு கொடுத்துத்தான் பழக்கம் என்றால் உப்பு, தூள் போடாமல் அவித்த மீனை முள் எடுத்துப் பிசைந்து வையுங்கள்.

பங்குனியில் பனி உருகும்போது உண்ணி வரும். 4 பாகைக்கு மேலே போனாலே அது எழும்பிவிடும், எனவே மாசி முடியுமுன் உண்ணி மருந்தை வாங்கி வையுங்கள்.